ப்ளவ்மேன்ஸ் லஞ்ச்: உழவர் பெயரில் ஒரு ரொட்டித் தட்டு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பழைய மாளிகைத் தோட்டம் எதையாவது சுற்றிப் பார்க்கப் போனால், கடைசியில் கால் போய் நிற்கும் இடம் அங்குள்ள டீ ரூம்தான். மெனுவில் ஸ்கோன் (மெத்தென்ற குட்டி பன்), கேக், சூப், சாண்ட்விச் வரிசையில் ‘ப்ளவ்மேன்ஸ் லஞ்ச்’ என்று ஒன்று இருக்கும். அதாவது, உழவரின் மதியச் சாப்பாடு. பக்கத்தில் ‘பாரம்பரிய’ என்ற அடைமொழி பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஏர் உழுதவன் நூற்றாண்டுக் கணக்காக வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டது இதுதான் என்று ஒரு கட்சி நம்புகிறது. சுற்றுலா வீடியோக்கள் எல்லாம் இந்தப் பக்கம். அடுத்த கட்சி கொஞ்சம் விவரம் தெரிந்தது. “அதெல்லாம் விளம்பரக்காரர்கள் கட்டிவிட்ட கதை” என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எங்கே உண்மை என்பதைப் புரிந்துகொண்டால், ‘பாரம்பரியம்’ என்று பலகை மாட்டிய வேறு பல சங்கதிகளும் புரிந்துவிடும்.

## தட்டில் என்ன வரும்?

அடுப்பு மூட்டாத சாப்பாடு இது. ஒரு மரப்பலகையோ அகன்ற தட்டோ வரும். அதில் ஓடு தடித்த ரொட்டி இரண்டு துண்டு, பக்கத்தில் வெண்ணெய். ஆப்பு வடிவத்தில் வெட்டிய ஒரு பெரிய செடார் சீஸ் துண்டு. வினிகரில் ஊறிப் பழுப்பேறிய முழுச் சின்ன வெங்காயம் ஒன்றிரண்டு. கரும்பழுப்பில், கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் இனிப்புப் புளிப்பு ஊறுகாய் ஒரு குட்டிக் கிண்ணத்தில். நறுக்கிய ஆப்பிள், செலரித் தண்டு, தக்காளி, இரண்டு கீரை இலை. அசைவமாகக் கேட்டால் கனமாகச் சீவிய ஹாம் அல்லது பன்றியிறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ (pie) கால் பங்கு கூட வரும். வேகவைத்த முட்டை சில இடங்களில் உண்டு.

இதில் கட்டாயம் என்று சொல்லத்தக்கவை மூன்றுதான்: ரொட்டி, சீஸ், ஊறுகாய். மற்றதெல்லாம் அந்தந்த விடுதியின் தாராளம்.

## மினி டிபன் தர்க்கம்

நம் ஊர் ஓட்டல் மெனுவில் ‘மினி டிபன்’ இருக்கிறதல்லவா? இட்லி, பொங்கல், வடை, கேசரி, குட்டி தோசை. இவற்றில் எதையும் ஓட்டல்காரர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக ஒரே தட்டில் அடுக்கி, ஒரு பெயர் வைத்து, ஒரு விலை போட்டது ஓட்டல் தொழில்தான். ஐம்பது வருடம் கழித்து யாராவது ‘சோழர் காலத்து மினி டிபன்’ என்று எழுதினால் சிரிப்போம். அதற்காக ‘பொங்கலே ஓட்டல்காரர்களின் கட்டுக்கதை’ என்று ஒருவர் சொன்னால் அதற்கும் சிரிக்கத்தான் வேண்டும்.

ப்ளவ்மேன்ஸ் லஞ்ச் விஷயமும் இதேதான். ரொட்டி, சீஸ், வெங்காயம், பீர் எல்லாம் பழசு. அதை இந்தப் பெயரில் ஒரு செட் சாப்பாடாக விற்பது 1950களிலிருந்து வந்தது.

## அசல் உழவன் என்ன சாப்பிட்டான்?

ரெட்டைக் குதிரை பூட்டிய கலப்பைக்கு நாளொன்றுக்கு ஓர் ஏக்கர் என்பது இங்கிலாந்தின் பழைய கணக்கு. சாலின் அகலம் 9 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓர் ஏக்கரை முடிக்க உழவன் குதிரைகளுக்குப் பின்னால் 11 மைல் நடக்க வேண்டும். ஏறக்குறைய 18 கிலோமீட்டர், அதுவும் ஈரக் களிமண்ணில். நடுவே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர நேரமில்லை. பையில் கொண்டுபோய் வேலியோரம் உட்கார்ந்து, சட்டைப்பைக் கத்தியால் வெட்டிச் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். சூடு பண்ணத் தேவையில்லாத, கெட்டுப்போகாத, கொட்டிப்போகாத சாப்பாடு. ரொட்டியும் சீஸும் வெங்காயமும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தின. ஆகவே முதல் கட்சி சொல்வதில் இவ்வளவு தூரம் உண்மை.

ஆனால் அளவையும் தரத்தையும் பார்த்தால் கதை மாறும். 19ஆம் நூற்றாண்டுக் கூலியாளின் பையில் பெரும்பங்கு ரொட்டிதான், சீஸ் தொட்டுக்கொள்ள. அந்தச் சீஸும் இன்றைக்குத் தட்டில் வரும் கொழுத்த செடார் அல்ல. கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாலில் இருந்த ஆடையை எல்லாம் எடுத்து வெண்ணெய் ஆக்கி விற்றுவிடுவார்கள். மிஞ்சிய சக்கைப் பாலில் செய்ததுதான் உழைப்பாளிக்கான சீஸ். கத்தி இறங்காது, பல் உடையும் என்று ஊர் முழுக்கக் கேலி. கடற்படையே மாலுமிகளின் புலம்பல் தாங்காமல் 18ஆம் நூற்றாண்டில் அதை வாங்குவதை நிறுத்தியது.

குடிக்க சாதாரண பீர், அல்லது மேற்குப் பகுதிகளில் ஆப்பிளைப் புளிக்கவைத்த சைடர். சாமர்செட் பக்கம் கூலியின் ஒரு பகுதியையே சைடராகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1887இல் சட்டம் போட்டுத்தான் அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது. ‘பாரம்பரிய உழவர் சாப்பாடு’ என்று ரசித்துச் சாப்பிடும்போது இந்தப் பகுதியை யாரும் நினைவுபடுத்துவதில்லை. மெனு அட்டையில் இடம் போதாது போலும்.

அந்தப் பெயரும் முழுக்க இல்லாமல் இல்லை. 1837இல் வந்த, ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் வாழ்க்கை வரலாற்றில், அவசரத்துக்குச் செய்த சாண்ட்விச்சைக் கையில் பிடித்திருந்த ஒருவரைச் சொல்லும்போது, அது உழவரின் மதியச் சாப்பாடு மாதிரி இருந்தது என்று ஒரு வரி வருகிறது. அங்கே அது வெறும் உவமை. கடையில் கேட்டு வாங்கும் பண்டத்தின் பெயராக அப்போது அது ஆகியிருக்கவில்லை.

இதுவரை சொன்னது: உழவர்கள் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டது நிஜம். இன்றைய தட்டின் செழிப்பு அவர்களுக்குக் கிடைத்ததில்லை. தனிப்பட்ட பெயரில் அது விற்பனைக்கும் வரவில்லை.

## நடுவில் அறுந்த கயிறு

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் உணவுப் பங்கீடு வந்தது. சீஸ் 1941இல் ரேஷனுக்குள் வந்தபோது தலைக்கு வாரம் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம். பிறகு ஏறி இறங்கினாலும் பெரும்பாலான காலம் இரண்டு அவுன்ஸை ஒட்டியே இருந்தது. ஒரு வாரத்துக்கு இரண்டு தீப்பெட்டி அளவு என்று சொன்னால் பெரிய தவறில்லை. இதில் ஒரு சுவையான விதிவிலக்கு உண்டு: தொழிற்சாலை உணவகம் போன்ற வசதி இல்லாமல் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்குச் சீஸ் கூடுதலாகக் கொடுத்தார்கள். வயலில் சீஸ் தின்பவன் என்ற படம் கற்பனையில்லை என்பதற்கு அரசாங்க ரேஷன் கார்டே சாட்சி.

சீஸின் அளவு மட்டும் குறையவில்லை. கிடைத்த பாலை எல்லாம் ஒரே வகைக் கெட்டிச் சீஸுக்குத் திருப்பிவிட்டது அரசு. மக்கள் அதை ‘கவர்ன்மென்ட் செடார்’ என்று அழைத்தார்கள். ஊருக்கு ஊர் தனிப்பக்குவத்தில் பண்ணையிலேயே சீஸ் செய்துவந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிலை விட்டார்கள். 1954இல் பங்கீடு ஒருவழியாக முடிந்தபோது, சீஸ் என்றால் ஏதோ ரேஷன் கட்டி என்று நினைக்கும் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. பப் எனப்படும் ஊர் மதுவிடுதியில் பீரோடு ரொட்டியும் சீஸும் சாப்பிடும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

இந்த அறுந்த இடம்தான் முக்கியம். பழக்கம் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்திருந்தால், அதற்குப் ‘பாரம்பரியம்’ என்று பெயர் சூட்டி அழைத்து வரவேண்டிய தேவையே யாருக்கும் வந்திருக்காது.

## மூன்று பேருடைய லாபம்

பங்கீடு முடிந்ததும் சீஸை மறுபடி விற்றாக வேண்டும். அதற்காக ‘சீஸ் பீரோ’ என்ற அமைப்பு வேலையில் இறங்கியது. ஜே. வால்டர் தாம்ஸன் என்ற விளம்பர நிறுவனத்தோடு தொடர்புடைய அமைப்பு அது. பப்பில் ரொட்டி, சீஸ், ஊறுகாய், பீர் என்று சாப்பிடும் பழக்கத்தை மீட்டெடுப்பது அதன் திட்டம். பீர் உற்பத்தியாளர் சங்கத்தின் 1956ஆம் ஆண்டு மாத இதழ் இந்த முயற்சியைப் பாராட்டி எழுதியது. ரேஷன் பிரித்துவைத்த ஜோடிக்கு மறுமணம் செய்துவைக்கும் வேலை என்று அதைக் கிண்டலாகக் குறிப்பிட்டது. மறுமணம் என்ற சொல்லைக் கவனியுங்கள். புதுக் கல்யாணம் என்று அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அதே இதழில் ‘ப்ளவ்மேன்ஸ் லஞ்ச்’ என்ற பெயரிலேயே ஒரு விருந்து பதிவாகியிருக்கிறது: ரொட்டி, சீஸ், கீரை, வேகவைத்த முட்டை, ஆறிய சாஸேஜ், கூடவே பீர்.

1960களில் பால் விற்பனை வாரியம் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. 1933இல் ஏற்பட்ட இந்த வாரியம், இங்கிலாந்து, வேல்ஸ் பண்ணைகளின் பாலை வாங்கி விற்றுத்தருவதற்கு என்றே இருந்தது. பால் நாளைக்குக் கெட்டுவிடும், சீஸ் மாதக்கணக்கில் இருக்கும். மிஞ்சும் பாலுக்குச் சீஸ்தான் வடிகால், அந்தச் சீஸுக்கு ஒரு வாடிக்கையாளர் கூட்டம் வேண்டும். பீர் ஆலைகளுக்கு வேறு கணக்கு: உப்பும் புளிப்புமான தட்டு முன்னால் இருந்தால் பீர்க் கோப்பை சீக்கிரம் காலியாகும்.

மூன்றாவது ஆள் பப் முதலாளி. என் பார்வையில் இந்தத் தட்டை நிலைநிறுத்தியவர் இவர்தான். அன்றைய பல பப்களில் சமையலறை என்று சொல்லும்படி ஒன்று கிடையாது. ரொட்டி பேக்கரியில் வரும், சீஸ் கடையில் வரும், ஊறுகாய் ஜாடியில் வரும். ஒரு கத்தியும் பலகையும் இருந்தால் ‘சாப்பாடு கிடைக்கும்’ என்று வாசலில் எழுதிப்போடலாம். சமையல்காரர் சம்பளம் இல்லை. எந்த விளம்பரமும் இவ்வளவு வேகமாக ஒரு பண்டத்தைப் பரப்பியிருக்காது.

இப்படிச் சமீபத்தில் உருவாக்கி, நெடுங்காலத் தொடர்ச்சி இருப்பதாகக் காட்டும் வழக்கத்துக்கு வரலாற்றாசிரியர்கள் ‘புனைந்த மரபு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் இந்தக் கருத்தைப் பிரபலப்படுத்தினார்கள். புனைந்தது என்றதும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்தான் இரண்டாம் கட்சி சறுக்குகிறது. உண்மையான பழைய துண்டுகள் கிடைத்தால் புனைவு நன்றாக நிற்கும். உழவன் நிஜம், ரொட்டி நிஜம், சீஸ் நிஜம். துண்டுகளைச் சேர்த்த விதமும், அவற்றின் மேல் ஒட்டிய பெயரும், வறுமையைக் கழுவித் துடைத்த படமும்தான் புதுசு.

சுருக்கமாக, ரேஷன் ஒரு பழக்கத்தை அறுத்தது, சீஸ் விற்க வேண்டியவர்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள், சமையலறை இல்லாத பப்கள் அதை ஊரெல்லாம் பரப்பின.

## நாக்கு ஏன் சம்மதிக்கிறது?

விளம்பரத்தால் ஒரு தடவை சாப்பிட வைக்கலாம். அறுபது, எழுபது வருடம் மெனுவில் நிற்க வேண்டுமானால் தட்டில் விஷயம் இருக்க வேண்டும்.

செடார் என்பது சாமர்செட்டில் உள்ள ஒரு ஊரின் பெயர். அந்தச் சீஸைத் தனித்துக் காட்டுவது ‘செடாரிங்’ என்ற பக்குவம். பாலைத் திரித்து, தெளிந்த நீரை வடித்தபின், மிஞ்சும் திரளைப் பாளம் பாளமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். திருப்பித் திருப்பி மறுபடி அடுக்குவார்கள். தன் எடையிலேயே அழுந்தி இன்னும் நீர் வெளியேறி, பாளம் கோழிக்கறி நார் மாதிரி உரியும் பதத்துக்கு வரும். பிறகு அதைத் துருவி, உப்புக் கலந்து, அச்சில் அழுத்தி, மாதக்கணக்கில் முதிரவிடுவார்கள். ஒரு கிலோ செடாருக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். நன்றாக முதிர்ந்த துண்டை ஒடித்துப் பாருங்கள்: வழவழப்பாக அறுபடாமல் பொருபொருவென்று உதிரும், உள்ளே வெள்ளைப் பொட்டுகள் தெரியும், கடித்தால் நறநறக்கும். உப்புக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது கால்சியம் லாக்டேட் என்ற படிகம். முதிர்ச்சியின் அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை.

செடாரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. இரண்டு வாய் சாப்பிட்டதும் அது நாக்கின் மேல் படலமாகப் படிந்துவிடும், மூன்றாவது வாயில் ருசி மங்கத் தொடங்கும். அங்கேதான் ஊறுகாய் வேலை செய்கிறது. வினிகரின் புளிப்பு எச்சிலைச் சுரக்க வைத்துப் படலத்தைக் கழுவி விடுகிறது. நாலாவது வாய் மறுபடி முதல் வாயைப் போல இருக்கிறது. பீரின் கசப்பும் குமிழும் செய்வது இதையே. டீ ரூமில் பீருக்குப் பதில் கெட்டியான டீ வரும். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதே காரியத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கரும்பழுப்பு ஊறுகாயில் நம் பக்கத்து வாசமும் இருக்கிறது. இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் சட்னி, ஊறுகாய் நினைவோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மாங்காய் கிடைக்காத ஊரில் ஆப்பிளையும் பிளம்ஸையும் போட்டு, நல்லெண்ணெய்க்குப் பதில் வினிகரையும் சர்க்கரையும் ஊற்றிக் காய்ச்சினார்கள். மஞ்சளும் கடுகும் சேர்த்த பிக்கலில்லி என்ற ஊறுகாய்க்கு 1758ஆம் ஆண்டிலேயே ஹானா கிளாஸின் சமையல் நூலில் ‘இந்திய ஊறுகாய்’ என்று செய்முறை இருக்கிறது. இன்று தட்டில் அதிகம் காணப்படும் பிரான்ஸ்டன் பிக்கிள் 1922இல் ஸ்டாஃபர்ட்ஷரில் பர்ட்டன் நகரை ஒட்டிய பிரான்ஸ்டன் கிராமத்தில் பிறந்தது: ஸ்வீட் (swede) என்ற டர்னிப் இனக் கிழங்கு, கேரட், காலிஃபிளவர், வெங்காயம் எல்லாம் சின்னச் சதுரங்களாக, கடிபடும் பதத்தில். ஆக, ‘அசல் ஆங்கிலேய உழவர் தட்டில்’ ஓரமாக ஒரு இந்தியக் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது.

## பப்பிலிருந்து தோட்டத்துக்கு

டீ ரூம் என்பது பப்புக்கு எதிர்வீடு. லண்டனில் ஏரேட்டட் பிரெட் கம்பெனி 1864இல் தன் ரொட்டிக்கடையோடு டீ விற்கத் தொடங்கியது. 1894இல் லயன்ஸ் நிறுவனம் பிக்காடில்லியில் கடை திறந்தது. சாராய வாடை இல்லாமல், ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் தனியாகப் போய் உட்காரக்கூடிய இடங்களாக அவை பேர் வாங்கின. தோட்டத்து டீக்குப் புகழ்பெற்ற உதாரணம் கேம்பிரிட்ஜை அடுத்த கிராண்ட்செஸ்டர். 1868இல் நட்ட பழத்தோட்டம் அது. 1897இல் மாணவர்கள் சிலர், பூத்திருந்த மரங்களுக்கு அடியில் டீ கிடைக்குமா என்று வீட்டம்மாவிடம் கேட்கப்போய், அதுவே தொழிலாகிவிட்டது. இன்றும் மரத்தடியில் சாய்வு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள்.

பப்புக்கு வசதியாக இருந்த அதே காரணங்கள் டீ ரூமுக்கும் பொருந்தின: சின்னச் சமையலறை, முன்கூட்டியே எடுத்துவைக்கக்கூடிய பொருள்கள். தட்டு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தபோது பீர் போய் டீயோ ஆப்பிள் ஜூஸோ வந்தது, அவ்வளவுதான்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்கோன், ஜாம், கெட்டிக் கிரீம், டீ சேர்ந்தால் அது கிரீம் டீ. அடுக்குத் தட்டில் சாண்ட்விச், கேக் என்று மாலை நாலு மணி வாக்கில் வருவது ஆஃப்டர்நூன் டீ. சென்னை ஓட்டல்கள் ஆடம்பரமாக விளம்பரம் செய்யும் ‘ஹை டீ’ இங்கிலாந்தில் உழைப்பாளி வீட்டில் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட இரவுச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, ரொட்டி எல்லாம் அதில் உண்டு. ப்ளவ்மேன்ஸ் இந்த மூன்றிலும் சேராது. அது மதியத்துக்கு. இரண்டரை மணிக்கு மேல் போய்க் கேட்டால் பல இடங்களில் கேக் மட்டும்தான் மிச்சம்.

## எப்படிச் சாப்பிடுவது?

தட்டு வந்ததும் எல்லாவற்றையும் ரொட்டிக்குள் திணித்து சாண்ட்விச் ஆக்கிவிடாதீர்கள்; அதற்கு சாண்ட்விச்சே வாங்கியிருக்கலாம். ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவி, ஒரு வில்லை சீஸ், அதன்மேல் கொஞ்சம் ஊறுகாய். அடுத்த வாய்க்கு ஊறுகாயை விட்டு ஆப்பிள். அதற்கடுத்து வெங்காயத்தில் ஒரு கடி. ஒவ்வொரு வாயும் வேறு வேறாக இருப்பதுதான் இதன் ருசியே. குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்த சீஸ் என்றால் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். கொழுப்பு இளகினால்தான் மணம் வெளியே வரும்.

சைவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ‘சீஸ் ப்ளவ்மேன்ஸ்’ என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் ஹாம் வந்துவிட வாய்ப்புண்டு. சீஸிலும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னெட் என்ற நொதியை மரபுவழியில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். பிரிட்டனில் கடைகளில் விற்கும் செடாரில் பெரும்பாலானவை இப்போது நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட்டில் செய்தவைதான். ஆனால் பழைய முறை பண்ணைச் சீஸை வைத்துப் பெருமைப்படும் டீ ரூமில் விசாரித்துவிடுவது நல்லது. கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளே போய் லேபிளைப் பார்த்துவந்தே சொல்வார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் தோட்டத்தில் உட்கார்ந்தால் கூப்பிடாத விருந்தாளி ஒன்று வரும்: குளவி. கோடை முழுக்க அவை பூச்சி பிடித்துக் கூட்டில் வளரும் தங்கள் புழுக்களுக்கு ஊட்டும். பதிலுக்குப் புழுக்கள் சுரக்கும் இனிப்பு நீரைக் குடித்துக்கொள்ளும். கோடைக் கடைசியில் கூட்டில் புழுக்கள் தீர்ந்ததும் இனிப்புக்கு வேறு வழி தேட வேண்டும். உங்கள் ஊறுகாய்க் கிண்ணம் அவற்றுக்கு நன்றாகவே கண்ணில் படும். கையை வீசி விரட்டினால் கோபம்தான் வரும். உள்ளூர்க்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: ஒரு சாஸரில் ஒரு கரண்டி ஜாம் வைத்து, யாரும் உட்காராத மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சாப்பாட்டைத் தொடங்குங்கள்.